தலைமையகம் அனுப்பும் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி: சிங்கப்பூரில் நெடுநாள் பயன்படுத்தினால் எங்கே இடிக்கிறது

அமெரிக்கத் தலைமையகம் வாங்கி எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் ஒரே மாதிரி அனுப்பும் ஆன்லைன் பயிற்சி, இங்குள்ள எச்ஆர் பிரிவுகளுக்குப் பழகிப்போன பொருள். காட்சிகள் நன்றாக இருக்கும், நடிப்பும் பரவாயில்லை. சட்டப் பகுதிதான் பால் பாக்கெட் மாதிரி கெட்டுப்போகும்; என்ன, மேலே தேதி அச்சடித்திருக்காது.

ஊழியர் இப்பயிற்சியில் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று சிங்கப்பூரில் எந்தப் பொதுச் சட்டமும் விதிக்கவில்லை. மேற்பார்வையாளருக்கு 2 மணி, மற்றவருக்கு 1 மணி, 2 ஆண்டுக்கு ஒருமுறை என்பது கலிஃபோர்னியாக் கணக்கு. அதையே “சட்டப்படி கட்டாயம்” என்று போட்டு ஊழியருக்கு நினைவூட்டல் அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

சட்டம் உண்மையில் கேட்பது வேறு. வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்க 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் 2027 இறுதியில் நடைமுறைக்கு வரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. புகார் கையாளும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், வந்த புகாரை விசாரிக்க வேண்டும், முடிவைப் புகார் தந்தவரிடம் சொல்ல வேண்டும், அவரைப் பழிவாங்கக் கூடாது. இந்த நான்கும் இல்லாத பயிற்சியை ஊழியர் அனைவரும் முடித்திருந்தாலும் பெரிய பயனில்லை.

பழைய ஸ்லைடுகளில் அடிக்கடி தென்படும் பிழைகளைச் சொல்லிவிடலாம். பெண்ணை இழிவுபடுத்தும் சொல், செயலுக்குக் குற்றவியல் சட்டத்தின் 509ஆம் பிரிவைக் காட்டுவார்கள். 2020 ஜனவரியிலிருந்து அது 377பிஏ. மானபங்கத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்றிருக்கும். 2022 மார்ச்சிலிருந்து 3 ஆண்டு. பாகுபாட்டுக் கோரிக்கைக்கு 20,000 அல்லது 30,000 வெள்ளி உச்சவரம்பு என்று போட்டிருந்தால் அது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்புக் குழுவின் 2023 பரிந்துரையிலிருந்து எடுத்தது. வேலையிட நியாயச் சட்டத்தின் தொடர்ச்சியாக 2025 நவம்பரில் நிறைவேறிய இரண்டாவது மசோதாப்படி, 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகள் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம்.

எவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாக்கப்பட்ட அம்சங்களின் பட்டியலில்தான் வெளிநாட்டுப் பாடம் அதிகம் சறுக்குகிறது. இங்கே வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம் என்று 11. பாலியல் நாட்டம் இதில் இல்லை. அதனால் ஒருவரைச் சீண்டலாம் என்று ஆகிவிடாது. 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் எல்லாருக்கும் பொது. இந்த இரண்டு சட்டங்களையும் ஒரே ஸ்லைடில் போட்டால் மேலாளர்கள் கட்டாயம் குழம்புவார்கள், தனித்தனியாகப் போடுங்கள். மொழிக்கு வெளிநாட்டுப் பாடத்தில் உதாரணமே இருக்காது. நம்மூருக்கு ஏற்ற கேள்வி: கிடங்கு வேலை விளம்பரத்தில் “மாண்டரின் பேசத் தெரிந்தவர்” என்று ஏன் கேட்கிறோம்? வேலைக்கு உண்மையில் தேவையென்றால் காரணத்தையும் விளம்பரத்திலேயே எழுத வேண்டும். “டீமில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறோம்” என்பது பலவீனமான காரணம்.

25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குப் புதிய சட்டம் முதல் 5 ஆண்டுகளுக்குப் பொருந்தாது. சின்ன முதலாளிகள் பலர் இதைக் கேட்டவுடன் பயிற்சியையே நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். முத்தரப்பு வழிகாட்டிகளுக்கும் துன்புறுத்தல் சட்டத்துக்கும் அப்படி ஆள்கணக்கு கிடையாது.

2025 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் ஆணைகள் வந்த பின், பன்முகத்தன்மைப் பாடங்களைக் கழற்றிவிடும் போக்கு அங்கே பரவியது. தலைமையகம் கழற்றினால் இங்கேயும் கோப்பு மறையும், சிங்கப்பூர்ச் சட்டம் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே சட்டப் பகுதியைத் தலைமையகக் கோப்புக்குள் வைக்காதீர்கள். நடத்தை பற்றிய வீடியோக்கள் ஒரு கோப்பு. சிங்கப்பூர் விதிகள், புகார் வழி, கேள்விகள் சேர்ந்து பத்து ஸ்லைடுக்குள் இன்னொரு கோப்பு. அதன் சாவி உள்ளூர் எச்ஆரிடம் இருக்கட்டும். தண்டனை, தொகை, தேதி எதையும் வீடியோக் குரலில் பேசவைக்காதீர்கள். ஓர் எண் மாறினால் முழுப் பதிவையும் திரும்பச் செய்யச் செலவாகும். எழுத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

கோப்பை மாற்றும்போது இன்னொரு சிக்கல். பயிற்சியை நடத்திப் பதிவு வைக்கும் எல்எம்எஸ் மென்பொருள்கள் பலவற்றில், புதிய ஸ்கார்ம் கோப்பை (பாடத்தைப் பொதிந்து தரும் கோப்பு வடிவம்) பழையதன் மேலேயே ஏற்றினால், பாதியில் நிற்பவரின் புக்மார்க் உடைந்து பாடம் திறக்காமல் போகும். அதைவிட மோசம், யார் எந்தப் பதிப்பைப் படித்தார் என்ற தடயம் அழிந்துவிடும். நாளை புகார் கிளம்பி “அன்று அந்த மேற்பார்வையாளருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்” என்று கேட்டால், முடித்த தேதியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பாடத் தலைப்பிலேயே ஆண்டும் மாதமும் போட்டு, தனிப் பாடமாக ஏற்றுங்கள். பழையதை அழிக்காமல் மூடிவையுங்கள்.

புகார் பக்கத்தில் ஆள் பெயர் வேண்டாம், பொது மின்னஞ்சல் போதும்; வேலையை விட்டுப் போனவரின் எண் பாடத்தில் கிடப்பது சர்வசாதாரணம். கம்பெனி மின்னஞ்சல் இல்லாத துப்புரவு, கிடங்கு ஊழியர்களை எல்எம்எஸ் எண்ணவே எண்ணாது. அவர்களுக்கு ஷிப்ட் தொடங்கும் முன் தமிழிலோ அவரவர் மொழியிலோ இருபது நிமிடம் நேரில் பேசி, வருகைத்தாளில் பதிப்பு எண்ணுடன் கையெழுத்து வாங்குங்கள். தொல்லை தருபவர் வாடிக்கையாளராகவும் இருக்கலாம் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். கடையிலும் வரவேற்பு மேசையிலும் அதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, பாடத்திலோ பெரும்பாலும் இருக்காது.

உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது: சிங்கப்பூரில் சட்டம் மாறினால் எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள், அதற்குத் தனிக் கட்டணமா? பதில் எழுத்தில் வராவிட்டால் நடத்தை வீடியோக்களுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.