ஸ்போர் குப்பி வாங்கினேன்: ஒரு காளான் விதைக்காரியின் அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் சிப்பிக் காளான் விதை (அவித்த சோளப் பையில் வளர்த்த காளான் இழை) தயாரித்து விற்கிறேன். போன ஐப்பசியில் 40 பையில் 9 பை புளித்த வாடை அடித்து, சோளம் கொழகொழத்துப் போனது. 20 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்த பைகள்! குற்றம் ஆட்டோகிளேவ் (அழுத்த ஆவியில் கிருமியைக் கொல்லும் கலன்) மேலா, என் கை மேலா என்று பார்க்கத்தான் இந்த ஸ்போர் குப்பிகளை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டிக்குப் பத்து, ஒன்று 120 ரூபாய்க்கு மேல்.

சுண்டு விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே ஒரு காகிதத் துண்டு. அதில் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கடும் சூட்டையும் தாங்கித் தூங்கும் உறை வடிவம்) காய்ந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே மெல்லிய கண்ணாடிக் குழலில் ஊதா நிறச் சத்து நீர். அவித்து ஆறவைத்த பிறகு குப்பியை நசுக்கினால் கண்ணாடி உடைந்து காகிதம் நனையும். 56 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் வைத்தால், பிழைத்த ஸ்போர் முளைத்து, பெருகி, அமிலம் விட்டு, ஊதாவை மஞ்சளாக்கிவிடும்.

சூடு காட்ட எனக்கு வழியில்லை. இன்குபேட்டர் (ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டி) தனியாக வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தெருப் பல் டாக்டர் தம்பிதான் தன்னுடையதில் இடம் கொடுத்தார். "அக்கா, அவிக்காத குப்பி ஒன்றையும் நசுக்கிக் கூடவே வையுங்க. அது மஞ்சளாகலேன்னா உங்க சோதனையே செல்லாது" என்றார். ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

ஸ்போர் சும்மா சூட்டுக்கும் ஈரத்துக்கும் எழுந்துவிடாது. சாப்பாடு வந்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டும். நம் சோளத்தோடும் வைக்கோலோடும் வரும் பாசில்லஸ் சப்டிலிஸுக்கு எல்-அலனின் என்ற அமினோ அமிலம் போதும். ஸ்போரின் உட்சவ்வில் இருக்கும் ஏற்பியில் அது ஒட்டியதும், உள்ளே அடைத்து வைத்த கால்சியமும் டிபிகோலினிக் அமிலமும் வெளியேறும், தண்ணீர் புகும், வெப்பம் தாங்கும் சக்தி சில நிமிடங்களில் போய்விடும். அதே அலனினின் கண்ணாடி பிம்பம் டி-அலனின். அது நேர்மாறு, முளைப்பைத் தடுக்கிறது. எல்-ஐ டி-யாக மாற்றும் நொதியையும் ஸ்போர் தன் மேலேயே வைத்திருக்கிறது. கூட்டமாகக் கிடக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து மாட்டிக்கொள்ளாமலிருக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். கெட்டிக்காரப் பூச்சி!

அதனால் ஊதாவாகவே நிற்கும் குப்பிக்கு இரண்டு அர்த்தம்: ஸ்போர் செத்திருக்கலாம், அல்லது சத்து நீர் கெட்டுப்போய் அதை எழுப்பாமல் விட்டிருக்கலாம். நிறம் மட்டும் பார்த்தால் தெரியாது. லேபிளில் ஒரு கோடு நிறம் மாறுவதைப் பார்த்து 'பாஸ்' என்று நினைத்துவிடாதீர்கள். ஆவி பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. இதையெல்லாம் பெட்டியில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். என் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

முதல் சுற்றில் பைகளின் மேலே வைத்த குப்பி ஊதா, நடுவே வைத்தது மறுநாளே மஞ்சள். பைகளை நெருக்கி அடுக்கியிருந்தேன், காற்றையும் சரியாக வெளியேற்றவில்லை. தளர்த்தி அடுக்கி, ஆவி நன்றாக வந்த பிறகே வால்வை மூடினேன். இரண்டும் ஊதா, அவிக்காதது மட்டும் மஞ்சள். ஆனாலும் அந்தச் சுற்றில் 4 பை கெட்டது. குப்பி தான் இருந்த இடத்தின் சூட்டைத்தான் சொல்லும், சோளத்தின் உள்ளே நடப்பதைச் சொல்லாது.

அதன் பிறகு சோளத்தை நேராக வேகவைக்காமல் ஓரிரவு ஊறவைக்கிறேன். ஊறும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் கசிய, தூங்குகிற ஸ்போர்களில் பல முளைத்துவிடும். முளைத்தது சாதாரணச் சூட்டுக்கே சாகும். 1877இல் ஜான் டின்டால் லண்டனில் வைக்கோல் கஷாயத்தை விட்டுவிட்டுக் காய்ச்சி ஸ்போர்களை ஒழித்தது கிட்டத்தட்ட இதே தந்திரம்தான். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு பை கெட்டது, அதுவும் பச்சைப் பூசணம். விதை மாற்றும்போது என் கைப்பிழை.

ஐந்துக்கு மூன்றரை. மாதம் ஒரு சோதனைக்கு வாங்கலாம். இன்குபேட்டர் கிடைக்கும் இடத்தை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்.