ஆர்டிகே ரிசீவர், பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் ஒன்று, கம்பத்தில் எடுத்துப்போய் அளக்கும் ரோவர் ஒன்று என்று ஒரு ஆர்டிகே செட்டைப் பல வருடமாக நில அளவைக்குப் பயன்படுத்துகிறேன். பேஸ் அனுப்பும் திருத்தத்தை வைத்து ரோவர் தன் இடத்தை அங்கேயே துல்லியமாகக் கணிக்கும் ஜிபிஎஸ் முறைதான் ஆர்டிகே. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை சென்டிமீட்டர் துல்லியம் என்பதைத்தான். திறந்த வெளியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் வரும், சந்தேகமே வேண்டாம். எந்தப் பிழையைத் திருத்தம் நீக்குகிறது, எதைத் தொடுவதே இல்லை என்பது பிடிபட்ட பிறகுதான் அந்த எண்ணை என்னால் நம்ப முடிந்தது.

தனியாக இயங்கும் ஜிபிஎஸ் ரிசீவர் சில மீட்டர் தவறும். சிக்னல் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது. கடிகாரம் ஒரு நானோசெகண்ட் பிசகினால் தூரத்தில் 30 செ.மீ. போய்விடும். மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனமண்டலத்தில் சிக்னலுக்கு ஏற்படும் தாமதமும், செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைக் கணிப்பில் உள்ள பிசகும் இதோடு சேரும். ஆயத்தொலைவு தெரிந்த புள்ளியில் நிற்கும் பேஸுக்கு, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். அளந்த தூரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. பக்கத்தில் நிற்கும் ரோவருக்கும் கிட்டத்தட்ட அதே பிழைதான் என்பதால் கழித்துவிடலாம். 2000 மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே சிக்னலில் பிழை சேர்த்து வந்தது. இப்படிக் கழிக்கும் டிஃபரன்ஷியல் முறை அதையும் நீக்கிக் காட்டியது, காரணம் அது இரண்டு ரிசீவருக்கும் பொதுவான பிழை.

ஆர்டிகே இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிக்னலைச் சுமந்து வரும், சுமார் 19 செ.மீ. நீளமுள்ள கேரியர் அலையையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் நடுவில் எத்தனை முழு அலைகள் என்று கணக்குத் தீர்ந்தால் திரையில் ஃபிக்ஸ், தீராவிட்டால் ஃப்ளோட். ஃப்ளோட்டில் எல்லைக்கல் அளக்கவே கூடாது.

பொதுவாக இல்லாத பிழையில் திருத்தம் ஒன்றும் செய்யாது. தகரச் சுவரை ஒட்டி ரோவரை நிறுத்திப் பாருங்கள். கம்பம் அசையாது, மட்டக் குமிழி நடுவிலேயே இருக்கும், உயரம் மட்டும் திரையில் ஏறி இறங்கும். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் ரோவருக்கு மட்டும்தான் வருகிறது, பேஸுக்கு அது தெரியவே தெரியாது. அடர்ந்த மரத்தடியில் இன்னும் மோசம். அலைக் கணக்கைத் தவறாகத் தீர்த்துவிட்டு ஃபிக்ஸ் என்றே காட்டும். அதனால் முக்கியமான புள்ளி என்றால் ஃபிக்ஸை விட்டுவிட்டு, மறுபடி பிடித்து, இன்னொரு முறை அளக்கிறேன். முடிந்தால் செயற்கைக்கோள்கள் இடம் மாறியபின் வேறொரு நேரத்திலும்.

பேஸ் நிற்கும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். கட்டடத்தை ஒட்டி வைத்தால், அங்கே வரும் பிரதிபலிப்பு திருத்தத்தோடு சேர்ந்து எல்லாப் புள்ளிக்கும் போகும். தெரிந்த புள்ளி கிடைக்கவில்லை என்று, ரிசீவர் தானே சராசரி எடுத்த இடத்தை அப்படியே கொடுத்து வேலையை முடிப்பவர்களும் உண்டு. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமெல்லாம் சரியாக இருக்கும், மொத்த வரைபடமும் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ தள்ளி உட்கார்ந்திருக்கும். வேறொருவர் வரைபடத்தோடு பொருத்தும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

தூரம் கூடக்கூட இரண்டு ரிசீவருக்கும் மேலே உள்ள வானம் வேறாகிவிடும். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் பேஸிலிருந்து 10 கி.மீ.க்கு 1 செ.மீ. கூடுதல் பிழை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின் அயனமண்டலம் கொந்தளித்தால், பக்கத்திலேயே பேஸ் இருந்தும் ஃபிக்ஸ் விட்டுவிட்டுப் போகும். முக்கியப் புள்ளிகளைக் காலையிலேயே முடித்துவிடுவது என் வழக்கம். திருத்தம் வருவது ரேடியோவிலா இணையத்திலா என்பதைப் பெரிதாக நினைக்க வேண்டாம், அது எத்தனை நொடி பழையது என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

உயரத்தில் கிடைமட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிழையை எதிர்பாருங்கள். கருவி தருவது, பூமிக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நீள்வட்டத்திண்மத்திலிருந்து கணக்கிட்ட உயரம், கடல்மட்ட உயரம் அல்ல. வாய்க்காலோ வடிகாலோ போடுவதாக இருந்தால், இந்த இரண்டு உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும் ஜியாய்டு மாதிரியைச் சேர்த்து, உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் ஒன்றில் சரிபார்த்த பிறகே அந்த உயரத்தைக் கொடுங்கள்.