உச்சச் சுழற்சி டியூனிங்கா, நடுச் சுழற்சி இழுவையா? கியர் பாக்ஸ் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றின் 499 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினை எடுத்து, அதற்கென்று தனியாக ஒரு சட்டகம் செய்து, வண்டியைக் கட்டி முடிக்கும் தறுவாயில் எஞ்சினை எந்தத் திசையில் டியூன் செய்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட், 40 மில்லிமீட்டர் கார்புரேட்டர், உயர்ந்த கம்ப்ரஷன், கடைந்து எடை குறைத்த ஃப்ளைவீல் ஆகியவற்றைக் கொண்டு நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் உச்ச சக்தியைப் பெறுவது ஒரு வழி. மிதமான கேம், 34 மில்லிமீட்டர் கார்புரேட்டர், தொழிற்சாலை கொடுத்த எடையிலேயே விடப்பட்ட ஃப்ளைவீல் ஆகியவற்றைக் கொண்டு 2,500 முதல் 5,500 சுழற்சி வரை தடையில்லாத இழுவையைப் பெறுவது மற்றொன்று. முதலில் நான் தேர்ந்தெடுத்தது உச்சச் சுழற்சி வழியை. இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது நடுச் சுழற்சி வழியில் மறுபடி கட்டிய அதே எஞ்சினை. ஆகவே இந்த ஒப்பீடு நடுச் சுழற்சியின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உச்சச் சுழற்சி எஞ்சினுக்குக் குதிரைத்திறன் அதிகம், நடுச் சுழற்சி எஞ்சின் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், முன்னதற்குச் சூடும் அதிர்வும் கூடுதல் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. என் தேர்வை மாற்றியது இவற்றில் எதுவும் இல்லை. கியர் விழும் விதமும், அதன் விளைவாகக் கியர் பாக்ஸுக்குள் ஏற்படும் தேய்மானமும்தான் மாற்றின.

மோட்டார்சைக்கிள் கியர் பாக்ஸில் எல்லாக் கியர் ஜோடிகளும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் லீவரை மிதிக்கும்போது நகர்வது டாக் எனப்படும் பக்கவாட்டுப் பற்களைக் கொண்ட கியர் மட்டுமே. ஷிஃப்ட் ஃபோர்க் அதைத் தள்ளிப் பக்கத்துக் கியரின் டாக்குகளோடு மாட்டுகிறது. காரில் உள்ளதைப் போல வேகங்களைச் சமன்படுத்தும் சிங்க்ரோனைசர் வளையம் இங்கே கிடையாது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு எஃகுத் துண்டுகள் நேருக்கு நேர் மோதித்தான் ஒன்றாகின்றன. நாம் காலில் உணரும் 'கியர் ஃபீல்' என்பதில் பெரும்பங்கு இந்த மோதலின் தன்மையே.

என் பெட்டியில் பற்களை எண்ணிப் பார்த்தபோது முதல் கியர் 33/14, இரண்டாவது 28/18, மூன்றாவது 25/21, நான்காவது 22/24, ஐந்தாவது 21/27 என்று இருந்தன. இதன்படி முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது எஞ்சின் சுழற்சி 66 சதவீதமாக இறங்கும். அடுத்த இரண்டு மாற்றங்களில் ஏறத்தாழ 77 சதவீதமாகவும், கடைசி மாற்றத்தில் 85 சதவீதமாகவும் இறங்கும். உச்சச் சுழற்சி டியூனிங்கில் 7,000-இல் மாற்றினால் இரண்டாவது கியரில் எஞ்சின் 4,620-இல் வந்து நிற்கிறது. அந்தக் கேம் உயிர்பெறுவதோ 5,000-க்கு மேல்தான். ஆகையால் ஒவ்வொரு முறையும் இரண்டாவது கியரில் வண்டி ஒரு கணம் சோர்ந்து, பிறகு திடீரென்று பாய்ந்தது. செயினை ஓட்டும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் மாற்றிப் பார்க்கலாம் என்று பலர் சொன்னார்கள், நானும் செய்து பார்த்தேன். ஸ்ப்ராக்கெட் எல்லாக் கியர்களையும் ஒரே அளவில் நகர்த்துமே தவிர, இரண்டு கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை ஒரு துளிகூடக் குறைக்காது. நடுச் சுழற்சி டியூனிங்கில் 5,000-இல் மாற்றினால் எஞ்சின் 3,300-க்கு இறங்குகிறது. அங்கே அதன் இழுவை ஏற்கெனவே முழுமையாக இருப்பதால் அதே இடைவெளி ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை.

ஓட்டும்போது தெரியாமல் உள்ளே நடக்கும் சேதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். முதலிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது டாக்குகள் ஈடுகட்ட வேண்டிய வேக வித்தியாசம், கியர் பாக்ஸின் உள்வரும் அச்சிலிருந்து பார்த்தால், மாற்றும் சுழற்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 7,000-இல் மாற்றுபவரின் எஞ்சின் 2,380 சுழற்சி இறங்க வேண்டும். 5,000-இல் மாற்றுபவரின் எஞ்சின் 1,700 இறங்கினால் போதும். மோதலின் ஆற்றலோ வேக வித்தியாசத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே 1.4 மடங்கு வித்தியாசம், டாக்குகளின் முனைகளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு அடியாக வந்து விழுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கணக்கான முறை விழும் அடி இது.

அடி தொடர்ந்து விழுந்தால் டாக்குகளின் கூரான விளிம்புகள் உருண்டுவிடும். உருண்ட டாக்குகள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று வெளியே தள்ளும். அவற்றைப் பிடித்து நிறுத்தும் வேலை ஷிஃப்ட் ஃபோர்க்கின் மெல்லிய கால்கள் மீது வந்து விழும். அந்தக் கால்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. என் எஞ்சின் உச்சச் சுழற்சி டியூனிங்கில் 6,000 கிலோமீட்டரை நெருங்கியபோது, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இரண்டாவது கியர் தானாகக் கழன்று எஞ்சின் வெற்றாகக் கத்தத் தொடங்கியது. கிராங்க் கேஸைப் பிரித்தபோது டாக்குகளின் முனைகள் பளபளவென்று வட்டமாக இருந்தன. ஃபோர்க்கின் ஒரு கால் உராய்வுச் சூட்டில் நீலம் பாய்ந்து மெலிந்திருந்தது.

'பிரித்தபோது' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதுதான் என் தீர்ப்புக்கு அடிப்படை. இந்த வகை எஞ்சினில் கியர் பாக்ஸும் கிராங்க்கும் ஒரே கேஸுக்குள், செங்குத்தாக இரண்டாகப் பிளக்கும் அமைப்பில் இருக்கின்றன. கியர்களைத் தொட வேண்டுமானால் எஞ்சினைச் சட்டகத்திலிருந்து இறக்கி, ஹெட், சிலிண்டர், கிளட்ச், மேக்னெட் எல்லாவற்றையும் கழற்றி, கேஸையே பிளக்க வேண்டும். தேய்ந்த பிஸ்டன் வளையத்தையோ கேமையோ மாற்றுவது இதோடு ஒப்பிட்டால் சிறிய வேலை. சொந்தமாகக் கட்டிய சட்டகத்தில் எஞ்சினை இறக்கும் இடைவெளியைத் தாராளமாக விட்டிருக்காவிட்டால் இது இன்னும் கடினமாகும். ஆகவே டியூனிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது 'இது எவ்வளவு சக்தி தரும்' என்பதற்கு முன்பாக, 'இது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்னைக் கேஸைப் பிளக்க வைக்கும்' என்று கேட்பதே சரி என்று நினைக்கிறேன்.

ஃப்ளைவீல் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கிளட்ச் முழுமையாக விடுபட்டிருக்கும்போது ஃப்ளைவீலின் எடை டாக்குகளின் மோதலைப் பாதிப்பதில்லை, ஏனெனில் அப்போது கியர் பாக்ஸின் உள்வரும் அச்சு எஞ்சினிலிருந்து பிரிந்திருக்கிறது. கிளட்சை விடும் கணத்தில்தான் எடை பேசுகிறது. இலகுவான ஃப்ளைவீலில், கால் லீவரைத் தூக்கி முடிப்பதற்குள் எஞ்சின் சுழற்சி தேவையான அளவுக்கும் கீழே சரிந்துவிடும். கிளட்சை விட்டதும் பின்சக்கரம் எஞ்சினை மேலே இழுக்க, வண்டி குலுங்கும். கனமான ஃப்ளைவீலில் சுழற்சி நிதானமாக இறங்குவதால், அவசரமில்லாமல் மாற்றுபவரின் கையோடும் காலோடும் அது ஒத்துப்போகிறது. கிளட்ச் பிடிக்காமலே மேல் கியருக்கு மாற்றும் பழக்கமுள்ளவருக்கு இந்தக் கணக்கு மாறும்; அங்கே கிராங்க்கின் எடை முழுவதும் டாக்குகள் மீதே இறங்குவதால் இலகுவான ஃப்ளைவீல் பெட்டிக்கு நல்லது.

கார்புரேட்டர் கியர் ஃபீலைக் கெடுக்கும் என்று தொடக்கத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. 40 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 34-இன் பரப்பைவிட 38 சதவீதம் அதிகம். அதே அளவு காற்று அதில் மெதுவாகப் போவதால், குறைந்த சுழற்சியில் பெட்ரோல் நன்றாகத் தூவப்படுவதில்லை. சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டர் பெரும்பாலும் கால்பங்குத் திறப்புக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியை ஆள்வது, குறைந்த திறப்பில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான பைலட் ஜெட்டும், காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடிவிளிம்பில் உள்ள வெட்டும்தான். அங்கே கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தால், மூடிய ஆக்ஸிலரேட்டரைத் திறக்கும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்கி, பிறகு வெடுக்கென்று இழுக்கும். செயினின் தொய்வும் டாக்குகளுக்கு இடையே வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளியும் அந்த இழுப்பில் ஒரே நேரத்தில் மூடிக்கொள்வதால், கியர் பாக்ஸே 'டங்' என்று அடிப்பது போலக் கேட்கும். பைலட் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிய பிறகு என் பெட்டியின் சத்தத்தில் பாதி காணாமல் போயிற்று. நீண்ட கேமுக்கு ஐடிலிங்கை 1,600-க்கு உயர்த்த வேண்டியிருந்தது, மிதமான கேமுக்கு 1,200 போதுமானதாக இருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் நியூட்ரலிலிருந்து முதல் கியர் விழும் அடியும் இந்த வித்தியாசத்தால் கணிசமாக மென்மையாகிவிட்டது.

இரண்டு டியூனிங்கிலும் சமமாகப் பொருந்தும் மூன்று விஷயங்களை முதலில் சரிசெய்யாமல் எதையும் ஒப்பிட முடியாது. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, கியர் லீவரைக் கம்பியால் இணைக்கும் லிங்க்கேஜ் போட்டிருந்தால், இணைப்புக் கம்பி இரண்டு முனைகளிலும் லீவர் கைகளோடு செங்கோணமாக இருக்க வேண்டும். கோணம் சாய்ந்தால் மேலே ஒரு நீளமும் கீழே ஒரு நீளமுமாக லீவர் நகர்ந்து, பாதியில் நிற்கும் கியர்களைத் தரும். வேறொரு வண்டியின் பின்சக்கரத்தைப் பொருத்துபவர்கள், அதன் ஹப்பில் ரப்பர் அதிர்வுத் தாங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத சக்கரத்தில் ஒற்றை சிலிண்டரின் ஒவ்வொரு வெடிப்பும் நேராகக் கியர் பற்களைச் சென்றடையும். எண்ணெய், எண்ணெயில் நனைந்து இயங்கும் மோட்டார்சைக்கிள் கிளட்சுக்கான ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரத்தில் இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் கலந்த கார் எண்ணெய் கிளட்சை நழுவவைக்கும்.

உச்சச் சுழற்சி வழிக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து என்ற மாற்றங்களில் அந்த எஞ்சின் கொடுத்த இன்பத்தை நடுச் சுழற்சி எஞ்சின் கொடுக்கவில்லை. 5,400-இலிருந்து மறுபடி 7,000 வரை அது ஏறும் விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. நெருக்கமான விகிதங்கள் கொண்ட கியர் செட்டும், சுமையில் ஒன்றையொன்று உள்ளிழுக்குமாறு சாய்வாக வெட்டிய டாக்குகளும் உங்கள் எஞ்சினுக்குக் கிடைத்தால், நான் மேலே அடுக்கிய குறைகளில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், குறுகிய எஞ்சின் என்றாலும் கணக்கு மாறும்; அதே சுழற்சியில் அதன் பிஸ்டன் மெதுவாகவே நகர்கிறது. 1978-இல் வெளிவந்த யமஹா எஸ்.ஆர். வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 400-க்கும் 500-க்கும் போர் எனப்படும் சிலிண்டர் விட்டம் ஒரே 87 மில்லிமீட்டர்தான், ஸ்ட்ரோக் மட்டும் 67.2-உம் 84-உம். 7,000 சுழற்சியில் முன்னதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15.7 மீட்டரும், பின்னது 19.6 மீட்டரும் பயணிக்கின்றன. இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் நான் ஓட்டியது மிகக் குறைவு. பந்தயத் தடத்தில் ஓட்டியது அதைவிடக் குறைவு. ஆகவே என் முடிவை அவற்றுக்கு நீட்டிக்க மாட்டேன்.

தெருவில் தினமும் ஓட்டும், ஐந்து கியர் கொண்ட, ஒரே கேஸில் அடங்கிய பெரிய ஒற்றை சிலிண்டருக்கு நடுச் சுழற்சி டியூனிங்கே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புதிய இரண்டாவது கியர் ஜோடியும் புதிய ஃபோர்க்கும் போட்டு மறுபடி கட்டியபின் 14,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. இரண்டாவது கியர் இதுவரை ஒருமுறைகூடக் கழன்று வரவில்லை. போன மாதம் எண்ணெய் மாற்றியபோது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்தது மெல்லிய சாம்பல் பசை மட்டுமே. எஃகுச் சில்லு ஒன்றும் இல்லை.