சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு அறிக்கையும் 'ஒயிட் ரிஸ்க்' செயலியும்: ஒரு மதிப்பீடு

டாவோஸ் நகரில் இயங்கும் எஸ்.எல்.எஃப். என்னும் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையையும், அதைக் கைப்பேசியில் தரும் 'ஒயிட் ரிஸ்க்' செயலியையும் பார்க்காமல், பராமரிக்கப்படும் சறுக்குப் பாதைகளை விட்டு விலகி சுவிஸ் மலைகளில் ஏறுவது புத்திசாலித்தனமல்ல. 1945 முதல் இந்நிறுவனமே அறிக்கையை வெளியிட்டுவருகிறது. 180-க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்களின் அளவீடுகளும், பனிநிலையைக் கவனித்துப் பதிவுசெய்யும் ஏறத்தாழ 200 பார்வையாளர்கள் அனுப்பும் தகவல்களும் அதற்கு அடிப்படை. அறிக்கையைப் படிக்கக் கட்டணம் இல்லை.

வண்ணம் தீட்டிய வரைபடமும் 1 முதல் 5 வரையிலான அபாய நிலையுமே முதலில் கண்ணில் படுகின்றன. அவசரக்காரர்கள் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ள வடிவமைப்பே இடம் கொடுக்கிறது என்பது என் முதல் குறை. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. 'கணிசமான அபாயம்' எனப்படும் 3-ஆம் நிலை குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கே அறிவிக்கப்படுகிறது என்றாலும், பனிச்சரிவில் உயிரிழப்போரில் சுமார் பாதிப் பேர் அந்த நாட்களில்தான் இறக்கிறார்கள். 4-ஆம் நிலை அறிவிக்கப்பட்டால் பெரும்பாலோர் கிளம்புவதே இல்லை. 3-ஆம் நிலையிலோ வானம் தெளிந்திருக்கக்கூடும், புதுப்பனி ஆசை காட்டும், ஒரே ஒருவரின் எடையே பனிச்சரிவைக் கிளப்பிவிடவும் கூடும்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எண்ணுக்குக் கீழே இருக்கிறது. எந்தத் திசையை நோக்கிய மலைச்சரிவுகள், எத்தனை மீட்டர் உயரத்திற்கு மேல் ஆபத்தானவை என்பதை ஒரு சிறு திசைவட்டம் காட்டுகிறது. புதுப்பனி, காற்று குவித்த பனி, பழம்பனிக்குள் புதைந்த பலவீன அடுக்கு, ஈரப்பனி, தரையோடு வழுக்கும் பனி ஆகிய ஐந்து சிக்கல்களில் அன்றைக்கு எது என்பதையும் அறிக்கை சொல்கிறது. உதாரணமாக, 2,200 மீட்டருக்கு மேல் மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கு வரையுள்ள சரிவுகளில் பலவீன அடுக்கு இருப்பதாக அறிக்கை கூறினால், அதே 3-ஆம் நிலையிலும் தெற்கு நோக்கிய, 30 பாகைக்குக் குறைவான சரிவுகளில் ஒரு நல்ல பயணத்தைத் திட்டமிட முடியும். பழம்பனிச் சிக்கலைப் பற்றிய வரிகளை நான் இருமுறை படிக்கிறேன். காற்று குவித்த பனியை அதன் மேற்பரப்பின் வடிவத்தைக் கொண்டு பழகிய கண் ஓரளவு அடையாளம் காணும். சீனியைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாலான அடுக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் கிடந்தால் மேலிருந்து எதுவும் தெரியாது. சமதரையில் நடப்பவர்கூட மேலே இருக்கும் செங்குத்தான மலைச்சரிவில் பனிச்சரிவைத் தொலைவிலிருந்தே கிளப்பிவிட முடியும் என்பதால், காலடியில் உள்ள சாய்வை மட்டும் பார்ப்பது போதாது.

2022-23 குளிர்காலம் முதல் 2-ஆம் நிலையிலிருந்து மேலே உள்ளவற்றுக்குக் கழித்தல், சமம், கூட்டல் என்ற உட்பிரிவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டின் மேல்விளிம்புக்கும் மூன்றின் கீழ்விளிம்புக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை என்பதை இவை தெளிவாக்குகின்றன, வரவேற்கத்தக்க மாற்றம்.

நேரம்தான் சற்று இடிக்கிறது. முதன்மைப் பதிப்பு மாலை 5 மணிக்கு வருகிறது. நடுக்குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு இன்னொன்று உண்டு. விடியும் முன்பே குடிலைவிட்டுக் கிளம்புகிறவருக்குக் காலைப் பதிப்பால் பயனில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒரே நேரத்தில் தருவதற்காக முன்கூட்டியே அமைத்த சொற்றொடர்களைக் கோத்து எழுதுவதால், நடை வறண்டும் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவும் இருக்கிறது. அபாய எச்சரிக்கைக்கு அந்த வறட்சியே நல்லது என்பேன்.

செயலியின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் வண்ணத்தில் தெரிகின்றன. பயணப் பாதையை வீட்டிலேயே வரைந்துகொள்ளவும் முடிகிறது. சிறிய செங்குத்து மேடுகள் இவ்வண்ணங்களில் விடுபட்டுப்போகலாம். அறிக்கையும் ஒரு வட்டாரம் முழுவதற்குமானது. குறிப்பிட்ட ஒரு மலைச்சரிவைப் பற்றி அது தீர்ப்பு சொல்வதில்லை. காலடியில் பனி 'வூம்' என்று அமுங்கி ஒலித்தாலோ, சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, திரையில் இருப்பது 2-ஆம் நிலையே ஆனாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.

கடுங்குளிரில் கைப்பேசியின் மின்கலம் முன்னறிவிப்பின்றி அணைந்துபோகும் என்பதால், எஸ்.எல்.எஃப். இணையதளத்தில் கிடைக்கும் பி.டி.எஃப். வடிவத்தை அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடல் கருவிக்கும், மண்வெட்டிக்கும், பனிக்குள் குத்திப் பார்க்கும் கோலுக்கும் செயலி மாற்று ஆகாது. திசைவட்டத்தை இன்னும் படிக்கத் தெரியாதவர்கள், மலையேறுவோர் சங்கமான சுவிஸ் ஆல்பைன் கிளப் நடத்தும் பனிச்சரிவுப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு இந்தச் சேவையை நம்பத் தொடங்கலாம்.