பக்கியின் மண்டையில் ஓட்டை போட்ட கதை

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என் பக்கி ஒரு ஹைலக்ஸ். அதில் 2 மீட்டர் அலைவரிசை ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசும் வானொலிக் கருவி) வைத்து நான்கு வருடம் ஆகிறது.

முதல் இரண்டு வருடம், ஆண்டெனாவைக் கூரையில் காந்தத்தால் ஒட்டவைக்கும் மேக்னட் மவுண்ட்தான். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பி, அதாவது அலைநீளத்தில் கால்பங்கு நீள ஆண்டெனா, ஏறக்குறைய 50 செ.மீ. கூரை நடுவில் வைத்தால் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.4. வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பழக்கம் முதல் மாதத்தோடு சரி, அப்புறம் அது கூரையிலேயே கிடந்தது. கடலோர ஊர் சும்மா விடுமா? ஒருநாள் வண்டி கழுவும்போது தூக்கிப் பார்த்தேன். காந்தத்தின் அளவுக்கு வட்டமாகத் துரு, சுற்றிலும் மணல் உரசிய கீறல். கதவிடுக்கில் நசுங்கி நசுங்கிக் கேபிளின் உறையும் பிய்ந்திருந்தது. அதனால்தான் மழை நாளில் எஸ்டபிள்யூஆர் 3-ஐத் தாண்டியிருக்கிறது. நான் அது தெரியாமல் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் சரக்குப் பெட்டியை மூடும் கேனப்பிமேல் வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். அது ஃபைபர்கிளாஸ், காந்தம் ஒட்டாது. வேறு வழியில் பொருத்தினாலும், கால் அலைக் கம்பிக்கு அடியில் உலோகத் தகடு வேண்டும். ஆண்டெனாவின் மறுபாதியே அந்தத் தகடுதான்.

கடைசியில் துருப்பிடித்த இடத்திலேயே 19 மி.மீ. துளை போட்டு, கூரையில் நிரந்தரமாக நிற்கும் என்எம்ஓ என்ற வகை மவுண்ட் பொருத்தினேன். "நல்ல வண்டி மண்டையிலயா ஓட்டை போடுற?" என்று மாமா கத்தினார். எனக்கும் கை நடுங்கியது. உள் கூரைத் துணியை இறக்கி, மவுண்டின் பல் கடிக்கும் இடத்தில் மட்டும் அடிப்பக்கப் பெயிண்டைச் சுரண்டி, மேல் விளிம்புக்குப் பிரைமர் தடவினேன். அரைநாள் வேலை. அதில் முக்கால்வாசி நேரம் துணியோடு மல்லுக்கட்டியதுதான்.

இரண்டு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. எஸ்டபிள்யூஆர் மழையிலும் வெயிலிலும் 1.2. ரப்பர் வளையத்தை மட்டும் அவ்வப்போது பார்த்து சிலிக்கோன் கிரீஸ் தடவுகிறேன்.

இடையில் ஆசைப்பட்டு 5/8 அலைக் கம்பியும் வாங்கினேன், சுமார் 1.2 மீட்டர். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போகும்போது கொஞ்சம் தெளிவாகக் கேட்டது, உண்மைதான். ஆனால் மால் பார்க்கிங்கின் தாழ்ந்த கூரையில் டக் டக்கென்று அடிவாங்கியதால் இப்போது கராஜில் தூங்குகிறது. ஊருக்குள் குட்டைக் கம்பியே போதும்.

விற்கும்போது அந்த ஓட்டையை என்ன செய்வாய் என்று மாமா இன்னும் கேட்கிறார். அதற்கென்றே திருகு மூடி விற்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.