பிளெண்டரின் மாண்டாஃப்ளோ: வெடிப்புக் காட்சிக்கு எவ்வளவு தாங்கும்?

முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான பிளெண்டரின் 2.82 பதிப்போடு 2020 பிப்ரவரியில் வந்தது, புகை, தீ, திரவ அசைவைக் கணக்கிடும் மாண்டாஃப்ளோ. எரிபொருள் தொட்டி வெடித்து, ஆரஞ்சுத் தீக்கோளம் எழும்பி, கரும்புகையாகச் சுருளும் காட்சிக்கு இந்த இலவசக் கருவி தாராளமாகப் போதும். வீரியமான வெடிமருந்தின் அதிர்வலை வேண்டுமென்றால் இதை நம்ப வேண்டாம். காற்றை அமுக்க முடியாத பாய்மமாக வைத்தே இது கணக்குப் போடுகிறது; அப்படிப்பட்ட கணக்கில் அதிர்வலை பிறக்க வழியில்லை. தரையோடு விரியும் தூசி வளையத்தைத் தனியாகச் செய்து கம்போசிட்டிங்கில் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் கட்டத்தில்) சேர்க்க வேண்டியதுதான்.

முதல் பேக்கில் (அசைவைக் கணக்கிட்டுச் சேமிக்கும் வேலையில்) பெரும்பாலும் விறகு எரிவதுபோலத்தான் வரும். இன்ஃப்ளோ (தீயும் புகையும் உள்ளே வரும் வாயில்) கடைசி வரை திறந்தே கிடப்பதுதான் காரணம். ஃப்ளோ வகையை 'ஃபயர் + ஸ்மோக்' என்று வைத்து, 'யூஸ் ஃப்ளோ' பெட்டிக்குக் கீஃப்ரேம் (குறிப்பிட்ட ஃப்ரேமில் மதிப்பை மாற்றும் குறி) போடுங்கள்: நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் முதல் ஃப்ரேமில் திறந்து நான்காவதில் மூடிவிட வேண்டும். ஃப்யூயல் அளவை 1-இலிருந்து 2.5 அல்லது 3-க்கு ஏற்றி, இனிஷியல் வெலாசிட்டியில் நார்மல் மதிப்பையும் கூட்டினால் தீ வெளிநோக்கிப் பாயும். மூலப்பொருள் ஒழுங்கான கோளமாக இருந்தால் இருபக்கமும் ஒன்றுபோலவே காளான் விரியும், பார்த்தவுடன் போலி என்று தெரிந்துவிடும். மேடுபள்ளமான மூன்று நான்கு கட்டிகளை ஒரு ஃப்ரேம் இடைவெளியில் அடுத்தடுத்துப் பற்றவைப்பது நல்லது. ரியாக்‌ஷன் ஸ்பீடை இயல்பான 0.75-இலிருந்து 0.5-க்கு இறக்கினால் சுவாலை இன்னும் சற்றுத் தூரம் போய் அடங்கும். வோர்டிசிட்டியை (சுழிப்பின் அளவை) அள்ளிக் கொட்டினால் புகை முழுக்கப் பொடிச் சுருள்களாகிப் பெரிய உருவமே கலைந்துவிடும்.

இந்தக் கருவியின் உண்மையான குறை வேறு. எரியும் வாயு சட்டென்று உப்புவதுதான் வெடிப்புக்கு உயிர். ஹூடினி என்ற மென்பொருளின் பைரோ என்ற தீ-புகைக் கருவியில் அதற்கென்றே டைவர்ஜென்ஸ் (விரிவு) புலம் உண்டு. பிளெண்டரின் வாயு டொமைனில் (கணக்கு நடக்கும் பெட்டியில்) அப்படி நேராகத் திருப்பும் அமைப்பு இல்லை. கட்டிகளின் நடுவில் ஒரு ஃபோர்ஸ் ஃபீல்டை வைத்து, அதே மூன்று ஃப்ரேம்களுக்கு மட்டும் வலுவை ஏற்றிப் பிறகு 0 ஆக்கலாம். ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. முதல் ஃப்ரேம்களில் தீயின் விளிம்பு கிழிந்து தெரிந்தால் டைம்ஸ்டெப் (ஒரு ஃப்ரேமைப் பிரித்துக் கணக்கிடும் படி) உச்சவரம்பை 4-இலிருந்து 8 ஆக்கிப் பாருங்கள்.

கணக்கு முழுக்க சிபியுவில்தான் நடக்கிறது, விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை பேக்கிங்குக்கு உதவாது. கனசதுர டொமைனில் ரெசல்யூஷன் 128 என்றால் சுமார் 21 லட்சம் வாக்ஸல்கள் (சிறு கனசதுரக் கூறுகள்). 256 என்றால் எட்டு மடங்கு, ஏறக்குறைய 1.68 கோடி. புகை இருக்கும் இடத்துக்கேற்பப் பெட்டியின் அளவை மாற்றும் அடாப்டிவ் டொமைன் இந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால் வெடிப்பின் முன்னணி வேகமாக நகர்வதால் மார்ஜின் போதாவிட்டால் புகை நேர்கோட்டில் வெட்டுப்படும். இயல்பான 4-ஐ 8 ஆக்கினால் சரியாகும். ஒன்று மனதில் இருக்கட்டும்: 64-இல் பிடித்த உருவம் 256-இல் அப்படியே வராது. அதனால் உருவத்தை 128-இல் முடிவுசெய்து, நுண்விவரத்தை நாய்ஸ் மூலம் ஏற்றுவதே சிக்கனம். கேஷ் (சேமித்த கணக்கு) வகை 'மாடுலர்' என்றிருந்தால் மூலத் தரவைத் தொடாமல் நாய்ஸை மட்டும் திரும்ப பேக் செய்யலாம். இந்த வசதி ஒன்றுக்காகவே கருவியைப் பாராட்டலாம்.

பிரம்மாண்டம் தெரிய வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அளவு நான்கு மடங்கானால் அசைவுக்கான நேரம் அதன் வர்க்கமூலமான இரண்டு மடங்காகும், ஆகவே டைம் ஸ்கேல் 0.5. கட்டடம் உயரத் தீக்கோளம் பட்டாசு வேகத்தில் அடங்கினால் நிறமும் ஒளியும் தரும் எந்த ஷேடரும் அதைக் காப்பாற்றாது.

பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் வால்யூம் பவுன்ஸ் (புகைக்குள் ஒளி சிதறும் தடவை) இயல்பாக 0. அதனால் புகை கரிக்கட்டிபோல் தெரியும். 4 வரை ஏற்றினால் உள்ளே ஒளி ஊடுருவும், ரெண்டர் நேரமும் கூடும். 'ஃபிளேம்' அட்ரிபியூட்டை கலர் ராம்ப் வழியாக எமிஷனுக்குக் கொடுங்கள். எமிஷனின் வலு மிஞ்சினால் தீயின் நடு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், உள்மடிப்புகள் தெரியும் அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேக் தொடங்குமுன் கோப்பைச் சேமித்து, டொமைனின் ஸ்கேலை அப்ளை செய்து, கேஷுக்குத் தனி ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள். 'இஸ் ரெஸ்யூமபிள்' குறியிடாமல் பேக்கை நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.