எல்கைப் பந்தயமும் என் ஆர்7-உம்: மூன்று வருடக் கணக்கு

காரைக்குடியில் வேலை, லீவு நாளில் கேமராவும் கையுமாகப் பொட்டலில் நிற்பேன். கல்லல், திருப்பத்தூர் பக்கம் குறித்த எல்லைவரை ஓடித் திரும்பும் எல்கைப் பந்தயம், அதாவது மாட்டுவண்டிப் பந்தயம் என்று காதில் விழுந்தால் போதும். கேனான் 80டி கேமராவில் பல வருடம் ஓட்டிவிட்டு, 2022 கடைசியில் கேனான் ஆர்7-உம் 100-400 லென்ஸும் வாங்கினேன்.

80டி-யில் வினாடிக்கு 7 படம். ஆர்7-ல் மெக்கானிக்கல் ஷட்டரில் 15, எலக்ட்ரானிக்கில் 30. அந்த எண்ணில்தான் நானும் மயங்கினேன். பந்தய வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறது என்று வையுங்கள். 7 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வண்டி ஒன்றே கால் மீட்டர் போய்விடும். 15 எடுத்தால் அரை மீட்டர் சொச்சம். 30 எடுத்தாலும் ஒரு சாணுக்கு மேல். இன்னொன்றையும் பாருங்கள்: ஷட்டர் வேகம் 1/1000 வினாடியில் வைத்து, வினாடிக்கு 15 படம் என்றால், அந்த வினாடியில் ஆயிரத்தில் 15 பங்குதான் கேமராவுக்குள் போகிறது. மிச்சம் 985 பங்கு போயே போச்சு. பட்டனை அமுக்கிப் பிடித்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று இருந்தவன் நான்.

விழவில்லை. சிறாவயல் மஞ்சுவிரட்டில் தொழுவுக்கு வெளியே பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு ஒன்று சுற்றி வந்தது. ஓர் இளைஞர் பக்கவாட்டில் பாய்ந்தார். மொத்தம் 41 ஃப்ரேம். பதினேழாவதில் அவர் விரலுக்கும் திமிலுக்கும் நாலு விரல்கடை தூரம். பதினெட்டாவதில் கை திமிலில் இருக்கிறது, ஆனால் முகத்துக்குக் குறுக்கே இன்னொருவரின் துண்டு. பத்தொன்பதாவதில் ஆள் சரிய ஆரம்பித்துவிட்டார். நான் நேரில் பார்த்த அந்தப் பிடி எந்தப் படத்திலும் இல்லை. அன்று வீடு வந்து நாலாயிரம் படத்தில் நல்லதைப் பொறுக்க இரண்டு ராத்திரி ஆனது. வீட்டில் கிடைத்த திட்டு தனிக்கணக்கு.

பஃபர், அதாவது கார்டில் எழுதும் வரை படம் தங்கும் கேமரா நினைவகம், அதன் சங்கதி வேறு. முழுத் தகவலும் உள்ள ரா ஃபைலில் 15 வேகத்துக்கு மூன்று வினாடி சொச்சம்தான் தாங்கும். அப்புறம் திக்கித் திக்கி ஓடும். கடைக்காரர் ‘இதே போதும் சார்’ என்று தலையில் கட்டிய, வேகம் குறைந்த வி30 கார்டில், காளை கூட்டத்தைப் பிளந்து வந்த நேரம் கேமரா எழுதிக்கொண்டே நின்றது. வேகமான யுஹெச்எஸ்-2 கார்டு வாங்கி, ஃபைல் சிறிதாக இருக்கும் சி-ராவுக்கும் மாறிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

எலக்ட்ரானிக் 30-ஐப் பந்தயத்தில் தொடுவதில்லை. சென்சாரை வரி வரியாக வாசிப்பதால், சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்கள் வாழைநார் போல வளைந்து விழுகின்றன. ஆனால் தொழுவிலிருந்து காளை வெளியே வரும் இடத்தில் அதைவிட நல்லது எதுவும் கிடையாது. ப்ரீ-ஷூட்டிங் போட்டுவைத்தால், நாம் அமுக்குவதற்கு அரை வினாடி முன்பிருந்தே படம் பதிவாகிவிடும். எல்லாம் ஒரே ஃபைலில் சுருண்டு கிடக்கும், பிறகு தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை எரிச்சல்தான். ஃபோகஸும் ஒரு தலைவலி. விலங்கை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் முறைக்குக் கையேட்டில் சொல்லியிருப்பது நாய், பூனை, பறவைதான்; காளை இல்லை. செம்மண் புழுதி எழும்பினால் பல சமயம் புழுதியைத்தான் பிடிக்கும்.

ஒற்றைப் படத்துக்குத் திரும்பியது ஒரு பழைய சாரதியால். எல்கை திருப்பத்தில் நான் தடதடவென்று எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார்.

“மாட்டையே ஏன் பாக்குற அப்பு? சாரதி கையப் பாரு. கயிறு இறுகுனாத்தான மாடு திரும்பும்?”

நாம் கண்ணால் பார்த்து விரலால் அமுக்கவே ஏறக்குறைய கால் வினாடி ஆகிறது. வண்டி அதற்குள் இரண்டு மீட்டர் தாண்டிவிடும். கையில் கயிறு இறுகுவதைப் பார்த்தால் அந்தக் கால் வினாடி முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. அன்று மதியம் வரை சிங்கிள் ஷாட்டிலேயே 60 படம் எடுத்தேன். தேறியது ஏழு. நாலாயிரத்தில் எனக்குத் தேறியது இருபதுகூட இல்லை.

அதற்காக, அமுக்கிப் பிடித்துத் தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட்டை விட்டுவிடவில்லை. மஞ்சுவிரட்டில் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே சிங்கிள் ஷாட்டோடு நிற்பது வீம்பு. இப்போதெல்லாம் நேரம் பார்த்து அமுக்கி, மூன்று நாலு ஃப்ரேமில் விரலை எடுத்துவிடுகிறேன். திருப்பத்தில் மட்டும் ஒன்றே ஒன்று. சிங்கிள் ஷாட்தான் கெட்டிக்காரன் வேலை, பர்ஸ்ட் சோம்பேறி வேலை என்று என்னிடம் வாதாடும் நண்பர்கள், ஒருநாள் சிறாவயல் பொட்டலில் வந்து நின்று பார்க்கட்டும்.

போன பந்தயத்துக்கு அந்தப் பெரியவருக்கு இரண்டு படம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஒன்று, நான் பெருமையாக நினைக்கும் சிங்கிள் ஷாட்: அவர் மகன் ஓட்டும் வண்டி, வலப்பக்க மாட்டின் நாலு காலும் தரையில் இல்லை, வாயிலிருந்து நுரை தெறிக்கிறது. இன்னொன்று பர்ஸ்ட்டில் விழுந்த சாதாரணப் படம், இரண்டு மாட்டுத் தலையும் ஒரே மட்டத்தில். சாதாரணப் படத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றதில் மாட்டை நுகத்தடியோடு பூட்டும் கயிற்றைக் காட்டித் திருப்பித் தந்தார்.

“இதுல பூட்டாங்கயிறு தளந்து கெடக்கு அப்பு. யார்கிட்டயும் காட்டிராத.”